மித்தரானின் ரகசிய நோய்

பிரான்சின் அதிபராக 1981 முதல் 1995 வரை இருந்த பிரான்சுவா மித்தரான், அந்த 14 ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாகப் புற்றுநோயோடுதான் கழித்தார். முதல் 11 ஆண்டுகள் அது நாட்டு மக்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் படித்ததெல்லாம், அதிபர் நலமாக இருக்கிறார் என்று அவருடைய மருத்துவர் கையெழுத்திட்டுத் தந்த அறிக்கைகளைத்தான்.

அந்த அறிக்கைகளுக்கு ஒரு பின்னணி உண்டு. முன்னாள் அதிபர் ஜார்ஜ் பொம்பிடூ அரிய வகை ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். முகம் வீங்கி, நடை தளர்ந்ததை மக்கள் கண்ணால் பார்த்தபோதும், அதிபர் மாளிகை 'காய்ச்சல்' என்றே சொல்லிவந்தது. 1974 ஏப்ரல் 2 அன்று அவர் பதவியிலேயே இறந்தார். நாடு அதிர்ந்தது. இனி அப்படி நடக்காது, தன் உடல்நிலையைத் தவறாமல் வெளியிடுவேன் என்று வாக்குறுதி தந்தவர் மித்தரான். 1981 மே மாதம் அவர் வெற்றி பெற்றார்.

பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. உடல்வலி தொடரவே, பாரிஸின் வால்-த-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் அவருக்குப் பரிசோதனைகள் நடந்தன. அப்போது அவருக்கு வயது 65. புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் எலும்புகளுக்கும் பரவிவிட்டது என்பதை நவம்பர் 16 அன்று சிறுநீரகவியல் நிபுணர் அடோல்ஃப் ஸ்டெக் அவரிடம் தெரிவித்தார். மூன்று மாதங்கள் முதல் மூன்று ஆண்டுகள் வரை வாழலாம் என்பது அன்றைய மருத்துவக் கணிப்பு. இதை அரசு ரகசியமாகக் காக்க வேண்டும் என்று மித்தரான் முடிவெடுத்தார்.

ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு தனி மருத்துவர் கிளோட் குப்ளேர் தலையில் விழுந்தது. புரோஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனைச் சார்ந்து வளர்வது. அந்த ஹார்மோனை அடக்கும் சிகிச்சை நோயைப் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்தது. வெளிநாட்டுப் பயணங்களிலும் சிகிச்சை நிற்கவில்லை. தங்கும் அறையில் ஆணி அடித்தால் தடயம் ஆகிவிடும் என்பதால், டிரிப்ஸ் பாட்டிலைச் சட்டை மாட்டும் ஹேங்கரிலோ சுவரில் படம் தொங்கும் கொக்கியிலோ மாட்டினார்கள். ஊசி, மருந்துக் குப்பி எதையும் அங்கே விட்டுவராமல் பெட்டியில் வைத்தே திரும்பக் கொண்டுவந்தார்கள். மற்ற நாட்டு உளவுத் துறைகள் குப்பையைக்கூடக் கிளறும் என்ற அச்சம்தான் காரணம்.

அறிக்கைகளோ குறித்த காலத்தில் வந்துகொண்டே இருந்தன. புற்றுநோய் பற்றிய பேச்சே அவற்றில் இல்லை. 1988 தேர்தலில் மேலும் ஏழு ஆண்டுகளுக்கு அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களுக்கும் உண்மை தெரியாது. 1992 செப்டம்பரில் கோஷன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகுதான் புற்றுநோய் என்ற சொல் வெளியே வந்தது. அதுவும் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது போல அறிவிக்கப்பட்டது.

1995 மே மாதம் பதவிக்காலம் முடிந்து விலகிய மித்தரான், 1996 ஜனவரி 8 அன்று இறந்தார். சில நாட்களிலேயே குப்ளேரின் 'பெரும் ரகசியம்' என்ற நூல் வெளிவந்தது. 1994 இறுதியிலிருந்து அதிபர் கடமையாற்றும் நிலையிலேயே இல்லை என்றும் அதில் அவர் எழுதியிருந்தார். குடும்பத்தினர் வழக்குத் தொடுக்க, நூல் உடனே தடை செய்யப்பட்டது. அதற்குள் சுமார் 40,000 பிரதிகள் விற்றிருந்தன, இணையத்திலும் பரவிவிட்டது. மருத்துவ ரகசியத்தை மீறிய குற்றத்துக்காகக் குப்ளேருக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. 2004இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், இறந்த உடனே விதித்த தற்காலிகத் தடை சரி, நிரந்தரத் தடை கருத்துரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. அதிபரும் ஒரு நோயாளிதான். நோய் வந்ததாலேயே ஒருவர் ஆளத் தகுதியற்றவர் ஆகிவிடுவதும் இல்லை. மாஸ்திரிக்ட் ஒப்பந்தம் உட்பட மித்தரான் ஆட்சியின் பெரிய காரியங்கள் பல இந்த ஆண்டுகளில்தான் நடந்தன. ஆனால் மௌனம் வேறு, பொய்ச் சான்று வேறு. அறிக்கையே வராதிருந்தால் மக்கள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டிருப்பார்கள். பொய் அறிக்கை அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் செய்தது.

பிரெஞ்சு அரசியலமைப்பின் 7ஆவது பிரிவின்படி, அதிபர் செயல்பட இயலாதவர் என்று அரசியலமைப்பு மன்றம் அறிவிக்கலாம். ஆனால் அரசாங்கம் கோரினால்தான் மன்றம் அதைப் பரிசீலிக்க முடியும். அந்த அரசாங்கத்தின் பிரதமரை நியமிப்பவரோ அதிபர். உடல்நல அறிக்கை வெளியிட வேண்டும் என்ற சட்டக் கட்டாயமும் அங்கே இல்லை. தலைவர் விரும்பித் தரும் வாக்குறுதியைத் தலைவரே நினைத்தால் வெறுமையாக்கலாம் என்பதை மித்தரானின் 11 ஆண்டுகள் காட்டிவிட்டன. அதிபரால் நியமிக்கப்படாத, அவருக்குக் கட்டுப்படாத மருத்துவக் குழு பரிசோதித்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தால்தான் அத்தகைய அறிக்கையை மக்கள் நம்ப முடியும்.