பாய்மரப் படகில் பேட்டரி மாற்றம்: விளக்கக் கட்டுரைக்கு ஒரு புதிய பொருள்



படிவம் 4, 5 மாணவர்களிடம் தொழில்நுட்பம் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கி, கைப்பேசியின் நன்மை நான்கு, தீமை நான்கு. எண் ஒன்றும் இருக்காது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரியும் இருக்காது. அதற்கு மாற்றாக, நம் பக்கத்திலேயே கிடக்கிற ஒரு பொருளைத் தருகிறேன்.

கிள்ளான் துறைமுகத்தில், ஆற்றங்கரையில் ரோயல் சிலாங்கூர் படகுக் கழகம் இருக்கிறது. பூலாவ் கெத்தாம் போகும் வழியில் அங்கே நிற்கும் பாய்மரங்களை உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். 1990 முதல் நடக்கிற ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் படகோட்டப் போட்டி இங்கிருந்துதான் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகிறது. காற்றில் ஓடுகிற படகுக்குப் பேட்டரி எதற்கு என்று மாணவர் கேட்பார். கேட்கட்டும்!

மலாக்கா நீரிணையில் இரவில் போகிற சின்னப் படகைப் பெரிய கொள்கலன் கப்பல் பார்க்க வேண்டுமானால், சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை படகில் வழிவிளக்கு எரிய வேண்டும். இது கடல் விதி. விளக்கில்லாத மீன்வலைகளும் வழியில் இருக்கும். விளக்கு, வானொலிக் கருவி, கடல்வரைபடத் திரை, சுக்கானைப் பிடிக்கிற தானியங்கி, எல்லாமே 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான். அதிகாலை மூன்று மணிக்கு அது தீர்ந்துபோனால் படகு இருட்டில் மிதக்கிற கட்டை.

இப்போது கணக்குக்கு வருவோம். முப்பது அடிப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் வெக்கையில் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடும்: 5 ஆம்பியர், 12 மணி நேரம், ஆக 60 ஆம்பியர்-மணி. தானியங்கி சுக்கானுக்கு 30. விளக்கு, திரை, வானொலிக்கு 18. மின்விசிறி, கைப்பேசி மின்னேற்றத்துக்கு 12. மொத்தம் ஒரு நாளைக்கு 120 ஆம்பியர்-மணி.

படகில் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு இருந்தால் 200 இருக்கிறதே, போதாதா? போதாது. பழைய ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் ஆயுள் குறையும். அதோடு முக்கால் பங்கு நிறைந்த பிறகு அது மின்னோட்டத்தை மெதுவாகத்தான் வாங்கும். கடைசிக் கால்பங்குக்குப் பல மணி நேரம் ஆகும். முழுதாக நிறையாமலே நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். ஆக, கடலில் உண்மையில் கைக்குக் கிடைப்பது 60, 70தான். சம்பளம் வங்கியில் இருக்கு, எடுக்கத்தான் முடியல என்கிற கதை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இங்கேதான் வருகிறது. அதே 200 அளவில் 160ஐப் பயமில்லாமல் எடுக்கலாம். ஏறக்குறைய நிறையும்வரை வேகமாக மின்னேறும். ஈயப் பேட்டரி ஒன்று 30 கிலோ அளவுக்கு இருந்தால் இது அதில் பாதிக்கும் குறைவு. உள்ளே 3.2 வோல்ட் கலங்கள் நான்கு தொடராக இருக்கும், கூட்டினால் 12.8. கைப்பேசியில் இருக்கிற லித்தியம் வேறு வகை. பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடானாலும் எளிதில் வெளியேறித் தீயை வளர்க்காது. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடம் இல்லை என்பதால் இது பெரிய விஷயம்.

வகுப்பில் தவறாமல் சொல்ல வேண்டிய ஒரு பெயர் இங்கே உண்டு. இந்தப் பொருளை 1997இல் வெளியிட்டது அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபின் குழு. பாஸ்பேட் போன்ற கூட்டயனிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயரும் என்று அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம்தான்.

சரி, பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தால் வேலை முடிந்ததா? இந்த இடத்தில்தான் ஆபத்து. படகு எஞ்சினில் இருக்கிற ஆல்டர்னேட்டர் ஈயப் பேட்டரிக்காகச் செய்தது. ஈயம் கொஞ்ச நேரத்தில் "போதும்" என்று சொல்லிவிடும், லித்தியம் சொல்லாது. தன் முழு மின்னோட்டத்தையும் மணிக்கணக்கில் கொடுத்துக் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடும். பேட்டரிக்குள் இருக்கிற காவல் சுற்று ஏதோ காரணத்தால் சட்டென்று இணைப்பைத் துண்டித்தால், மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளே போய்விடும். அதனால் எஞ்சினைக் கிளப்ப ஒரு ஈயப் பேட்டரியை அப்படியே தனியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து லித்தியத்துக்கு அளந்து கொடுக்கிற ஒரு மின்னேற்றியை இடையில் போடுவார்கள். வால்வு போல என்று சொன்னால் மாணவருக்குப் புரியும்.

அடுத்து கம்பி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் சோற்றுப் பானையை வைத்தே விளக்கலாம். 600 வாட் ரைஸ் குக்கர் வீட்டில் 240 வோல்ட்டில் 2.5 ஆம்பியர்தான் இழுக்கும். அதே வேலைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் வர வேண்டும். இருபது மடங்கு. கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், ஒரே கம்பியில் சூடு 400 மடங்கு! வீட்டுக் கம்பியைப் படகில் போட்டால் சோறு வேகாது, கம்பிதான் வேகும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் லித்தியம் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே மின்பொறி தொடர்ந்து பாயலாம். அதற்காகவே 20,000 ஆம்பியர்வரை துண்டிக்கக்கூடிய டி-வகை ஃபியூஸைப் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் போடுகிறார்கள். செலவைக் குறைக்கிறவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். என்னைக் கேட்டால், இதற்குக் காசில்லை என்றால் லித்தியமே வேண்டாம்.

வோல்ட்மீட்டரை நம்ப முடியாது என்பதும் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. லித்தியத்தின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு, கடைசியில் திடீரென்று விழும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்துக் காட்டுகிற அளவி வேண்டும்.

சூரியத் தகடு நமக்குச் சாதகம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறோம்; வெயில் தலைக்கு மேலேயே வருவதால் தகட்டைச் சாய்க்க வேண்டியதில்லை. 400 வாட் தகட்டுக்கு நாளொன்றுக்கு நான்கரை மணி நேர முழு வெயில் என்று வைத்து, கால்பங்கை இழப்பாகக் கழித்தால் சுமார் 105 ஆம்பியர்-மணி. தேவையோ 120. பாய்மரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் முழுத் தகட்டின் உற்பத்தியும் சரியும், அதையும் சொல்லிவிடுங்கள்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன் மூன்றையும் மாணவர் குழப்பிக்கொள்வார்கள். ஆறும் குழாயும் வைத்து ஒருமுறை விளக்கிவிட்டு எழுத விடுங்கள். 'பேட்டரி' என்று எழுதினால் சிவப்பு மை வேண்டாம். 'மின்கல அடுக்கு' என்பதை ஒருமுறை அறிமுகப்படுத்தினால் போதும்.

படகு தூரமாகப் பட்டால் பசார் மாலாம் கடையை எடுங்கள். 20 வாட் விளக்கு மூன்று, 40 வாட் விசிறி ஒன்று, மாலை ஆறு முதல் பதினொன்றுவரை. 500 வாட்-மணி; 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 ஆம்பியர்-மணி. அண்ணன் வாங்க வேண்டிய ஈயப் பேட்டரியின் அளவு என்ன, லித்தியத்தின் அளவு என்ன என்று கேட்டு, காரணத்தோடு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.