கோடையில் காய் பறிக்கும் பக்குவம்

தைத் திங்களில் விதை ஊன்றிய வீட்டுத் தோட்டம் மாசிக் கடைசியில் காய்க்கத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் நிறைந்த பலன் தருகிறது. விதையைப் பற்றியும் எருவைப் பற்றியும் நம் அங்கத்தினர்கள் ஆர்வத்தோடு பேசுகிறார்கள். பறிப்பைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. காய் கண்ணில் பட்டால் பறிக்க வேண்டியதுதானே, இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கோடைத் தோட்டத்தின் லாப நஷ்டம் பெரும்பாலும் பறிக்கும் கையில்தான் இருக்கிறது.

இதற்குக் காரணம் தண்ணீர். கிணறு வற்றும் இக்காலத்தில் பாத்திக்கு ஊற்றும் ஒவ்வொரு குடமும் நம் வீட்டுப் பெண்களின் இடுப்பில் ஏறி வருவதாகும். அந்த நீர் இளங்காயாகி அடுப்புக்கு வந்தால் உழைப்புக்குப் பயன் உண்டு. முற்றிய காயாகிக் குப்பைக்குச் சென்றால், நீரும் வீண். சுமந்த உழைப்பும் வீண்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி ஒருவர் நாள்தோறும் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ணவேண்டும். ஐவர் உள்ள குடும்பத்துக்கு இது 2 கிலோ ஆகும். துணியை ஒப்படைத்த பின்னரே கூலி காணும் நெசவாளர் குடும்பம், இவ்வளவையும் கோடை விலையில் வாங்குவது எளிதன்று. ஆகவே ஒரு சென்ட் நிலமாயினும், அதில் விளைவது ஒன்றும் வீணாகலாகாது.

செடியின் நோக்கம்

செடி காய்ப்பது நம் குழம்புக்காக அன்று, தன் விதைக்காக. முதலில் விட்ட காய்கள் முற்றத் தொடங்கினால், செடி தன் ஊட்டத்தை அவ்விதைகளுக்கே அனுப்புகிறது. புதிய பூக்கள் குறைகின்றன, பிஞ்சுகள் உதிர்கின்றன. இளங்காயைத் தவறாது பறித்து வந்தாலோ, செடி மீண்டும் மீண்டும் பூக்க முயல்கிறது. மறைவில் முற்றிய இரண்டு வெண்டைக்காய், பின்னால் வரவேண்டிய பலவற்றைத் தடுத்துவிடும்.

ஒவ்வொன்றின் பக்குவம்

வெண்டை, விதைத்த 45 நாள் அளவில் காய்ப்புக்கு வரும். பூ மலர்ந்த ஐந்து முதல் ஏழு நாளுக்குள் காய் பறிப்புக்கு ஆகும். நுனியை ஒடித்தால் 'பட்'டென முறியவேண்டும். வளைந்தால் நார் ஏறிவிட்டது என்று பொருள். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தல் நலம். கொத்தவரையையும் விதை புடைத்துத் தெரியுமுன் எடுக்கவேண்டும். நூலுக்கு நார் பெருமை. காய்க்கு நார் குறை.

கத்தரிக்குத் தோலின் மினுமினுப்பே அடையாளம். மினுமினுப்பு மங்கினால் உள்ளே விதை முற்றுகிறது. பீர்க்கில் நகம் எளிதில் இறங்கவேண்டும். பாகலை மஞ்சள் நிறம் தட்டுமுன் பறிக்கவேண்டும். தக்காளி செடியிலேயே முழுதும் சிவக்கவேண்டும் என்பதில்லை. நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் பரப்பினால் நன்கு பழுக்கும். வெயிலும் பறவையும் அதைக் கெடுக்கா.

முளைக்கீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடியில் சிறிது விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும்.

எதையும் வெயில் ஏறுமுன் பறிப்பதே சிறப்பு. காலைக் காயில் நீர்ப்பிடிப்பு இருக்கும், விரைவில் வாடாது. பூச்சி மருந்து தெளித்திருந்தால், அதன் உறையில் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் எதையும் பறிக்கலாகாது.

நெசவாளர் கவனிக்க வேண்டியவை

வெண்டையும் பருத்தியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புள்ளிக் காய்ப்புழு இரண்டையும் தாக்கும். துளை விழுந்த காயைச் செடியில் விடாமல் பறித்து அழிக்கவேண்டும். பருத்தி பயிரிடும் அங்கத்தினர் இதில் மேலும் விழிப்பாயிருத்தல் அவசியம். இலை நரம்புகள் மஞ்சளாகும் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. நோய் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுவதே மற்றச் செடிகளுக்குக் காவல்.

அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் பாத்திக்கு நல்லவை. சாயத் தொட்டி நீரை மட்டும், எவ்வளவு தண்ணீர்ப் பஞ்சமாயினும், பாத்தியில் ஊற்றலாகாது. அதிலுள்ள உப்பும் இரசாயனமும் மண்ணைக் கெடுக்கும்.

அடுத்த பட்டத்துக்கு விதை வேண்டுமாயின், நோயற்ற நல்ல செடியில் ஓரிரு காய்களை மட்டும் முற்ற விடலாம். அவற்றின் காம்பில் சாயநூல் ஒன்றைக் கட்டிவைத்தால் பிள்ளைகள் அறியாது பறிக்கமாட்டார்கள். வீரிய ஒட்டு விதையில் வந்த செடி இதற்கு ஆகாது. அதன் விதை தாய்ச்செடியைப் போல் ஒரே சீராய் விளைவதில்லை.

மிகுந்த காய்

பங்குனியில் சில நாள் தேவைக்கு மேல் காய் வந்து குவியும். அப்பொழுதுதான் பலர் பறிப்பை நிறுத்திச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது தகாது. கொத்தவரையையும் கத்தரியையும் உப்பு நீரில் ஒரு கொதி விட்டு, வடித்துக் காயவைத்தால் வற்றலாகும். பாகலை மோரில் ஊறவைத்து உலர்த்தலாம். நம்மை வாட்டும் இந்த வெயிலே, ஐப்பசி மழையில் குழம்புக்கு ஆகும் வற்றலையும் தருகிறது.

அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் ஒரு வழி. ஒரு தெருவில் பத்து வீட்டார் ஒரே காயைப் பயிரிடாமல், ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டு மாற்றிக்கொண்டால், எவர் வீட்டிலும் ஒரே கறி தினமும் வேகவேண்டியதில்லை. ஐக்கியம் என்பது சங்கக் கட்டிடத்தோடு முடிந்துவிடுவதன்று. வேலிக்கு மேல் நீளும் ஒரு கூடை காயிலும் அது இருக்கிறது.

ஆகவே, தறியில் அமருமுன் காலை கால் மணி நேரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்குவோம். இலைகளை விலக்கி, ஒளிந்திருக்கும் காயையும் தேடிப் பறிப்போம். நீர் ஊற்றிய கையே பறிக்கவும் தவறாதிருந்தால், ஊற்றிய ஒவ்வொரு குடத்துக்கும் தோட்டம் கணக்குக் காட்டும்.