ஆறு என்றால் எந்த ஆறு?

‘ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன், ஆறு வறண்டு கிடந்தது’ என்று யாராவது சொன்னால் நாம் தடுமாறுவதில்லை. முதல் ஆறு எண், அடுத்தது நதி. கணினியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு எப்படிப் பிரித்தறிகிறது?

அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான். ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்துப் படித்தால் பொருள் பிடிபடாது. ஓட்டையை இருபுறமும் சற்று அகலமாக்கினால் பிடிபட்டுவிடும். வாரன் வீவர் என்ற அமெரிக்கர் 1949இல், இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய குறிப்பில் இப்படி விளக்கினார். நமக்கு இது பழைய சேதி. பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு.

1986இல் மைக்கேல் லெஸ்க் என்ற கணினி அறிஞர் அகராதியைத் துணைக்கு அழைத்தார். சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் அகராதி தரும் விளக்கத்தை, பக்கத்துச் சொற்களின் விளக்கங்களோடு ஒப்பிட வேண்டும். எதில் பொதுவான சொற்கள் அதிகமோ அதுவே பொருள். எளிய வழிதான், ஆனால் அகராதி விளக்கங்கள் சுருக்கமானவை, பல நேரம் பொதுச்சொல்லே கிடைக்காது.

இன்றைய முறை வேறு. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கணினி எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. 2013இல் வந்த வேர்ட்டுவெக் முறையில் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசை. நதியும் எண்ணும் அதில் கலந்து கிடந்தன. 2018இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் போன்ற மொழி மாதிரிகளில் அந்த வரிசை வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். பக்கத்தில் ‘மணி’ இருந்தால் ஒரு வரிசை, ‘வறண்டு’ இருந்தால் வேறொன்று. பெர்ட்டின் அடிப்படை வடிவிலேயே ஒரு சொல்லுக்கு 768 எண்கள்.

தமிழின் உருபுகளும் இதற்குக் கைகொடுக்கின்றன. நதி என்றால் ‘ஆற்றில்’, எண் என்றால் ‘ஆறில்’. வேற்றுமை ஏறியதுமே குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி அரிது. ஆனால் இதைக் கற்றுக்கொள்ள இயந்திரத்துக்கு நிறையத் தமிழ் வாக்கியங்கள் வேண்டும். இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அவை மிகக் குறைவு.

அடுத்த முறை தேடுபொறியில் வெறும் ‘படி’ என்று தட்டாதீர்கள். ‘மாடிப்படி அகலம்’, ‘ஒரு படி அரிசி’ என்று துணைக்கு ஒரு சொல்லையாவது சேர்த்துக் கொடுங்கள்.