வழங்கிச் சேமிப்புத் தொகுதிகளுக்குப் பெயரிடல்: ஊர்ப்பெயராய்வு நோக்கு

முன்னுரை

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்த நாவலூரும் அதனை அடுத்த சிறுசேரியும் இன்று மென்பொருள் நிறுவனங்களாலும் தரவு மையங்களாலும் அறியப்படுகின்றன. சுவடிப் படிமங்களும் மின்னூல்களும் இன்று வழங்கிகளிலேயே காக்கப்படுகின்றன. அவை வேண்டியபோது கிடைப்பது, அவற்றைத் தாங்கும் சேமிப்புத் தொகுதியின் பெயரையும் பொறுத்தது. அப்பெயரிடலின் நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தொகுதிகளின் அமைப்பு

லினக்ஸ் இயங்குதளத்திற்கான எல்விஎம் முறையை 1998இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் உருவாக்கினார். இதில் வட்டுகள் பருநிலைத் தொகுதிகளாகக் கொள்ளப்படும். அவை இணைந்து தொகுதிக் குழுவாகும். குழுவிலிருந்து வேண்டிய அளவில் பகுக்கப்படுவது தருக்கத் தொகுதி, அதாவது லாஜிக்கல் வால்யூம். தரவு வேறு வட்டிற்கு மாற்றப்படினும் இதன் பெயர் மாறுவதில்லை. எனவே வட்டின் பெயரையோ இடத்தையோ தொகுதிக்கு இடுதல் பொருந்தாது. உள்ளடக்கத்தின் பெயரே நிலைக்கும்.

பொதுக்கூறும் சிறப்புக்கூறும்

ஊர்ப்பெயராய்வு நாவலூர் என்பதை நாவல் என்னும் சிறப்புக்கூறாகவும் ஊர் என்னும் பொதுக்கூறாகவும் பகுக்கும். அவ்வாறே குழுப்பெயர் பொதுக்கூறாகவும் தொகுதிப்பெயர் சிறப்புக்கூறாகவும் அமைகின்றன. ஒரு குழுவினுள் ஒரு பெயர் இருமுறை வாராது. வேறு குழுவில் வரலாம். சுந்தரர் பிறந்த ஊர் 'திரு' என்னும் அடையால் திருநாவலூர் என வேறுபடுகிறது. இத்தகைய அடையின்றி, ஒரே பெயருடைய இரு குழுக்களின் வட்டுகள் ஒரு வழங்கியில் இணைக்கப்படின் மயக்கம் நேரும். அப்போது ஒவ்வொரு குழுவிற்கும் உரிய தனித்த அடையாள எண்ணைக் கொண்டே ஒன்றன் பெயரை மாற்ற இயலும்.

எழுத்துச் சிக்கல்

எல்விஎம் பெயர்களில் உரோமன் எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றுக்கே இடமுண்டு. ஒலிபெயர்ப்புக்குரிய மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் ஏற்கப்படாமையால் 'கலி', 'களி' என்னும் இரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். கோப்பு முறைமைக்கு இடும் விளக்கப் பெயரிலும் இடர் உண்டு. இஎக்ஸ்டி4 முறைமையில் அதன் எல்லை 16 பைட்டு. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். 13 குறியீடுகளாலான 'தொல்காப்பியம்' 39 பைட்டு ஆதலின் அதில் அடங்காது.

முடிவுரை

சுருங்கிய உரோமன் பெயரைத் தொகுதிக்கு இட்டு, முழுத் தமிழ்ப்பெயர், அடையாள எண், உள்ளடக்கம், உருவாக்கிய நாள் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். அப்பதிவேட்டின் படி ஒன்று வழங்கிக்கு வெளியே இருத்தலும் இன்றியமையாதது. பெயரிட்டவர் பணிமாறிய பின்னரும் தொகுதியில் உள்ளது இன்னதென அறிய அதுவே துணையாகும்.