“சும்மாதான் இருக்கிறேன்!”

பாயசத்தில் மணக்கும் ஏலக்காயைப் பறித்தது கம்பத்துப் பெண்ணொருத்தியின் கையாகவும் இருக்கலாம். பொழுது விடியுமுன் தூக்குச் சட்டியுடன் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம்.

மழை பிடித்துக்கொண்டு, வாரத்தில் ஒரே நாள்தான் வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் கணக்கில் அவள் யார்? வேலையில் இருப்பவள்! 2017 முதல் மத்திய சர்க்கார் நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்தர அளவுகோலின்படி, முந்தைய 7 நாட்களில் 1 மணி நேரம் உழைத்திருந்தாலே போதும்.

வீட்டில் சமைத்து, தண்ணீர் சுமந்து, பிள்ளைகளைப் பேணும் பக்கத்து வீட்டு அக்கா? அவள் வேலையில் இருப்பவளுமல்ல, வேலையில்லாதவளுமல்ல! வேலை தேடினால், அல்லது கிடைத்தால் செய்யத் தயாராயிருந்தால்தான் வேலையில்லாதவள். வேலையில் இருப்போர், இல்லாதோர் இரு சாராரையும் கூட்டி, அதில்தான் வேலையின்மைச் சதவீதம் பார்க்கிறார்கள். தேடித் தேடி அலுத்து ஒருத்தி ஆசையையே விட்டுவிட்டால், சதவீதம் குறைகிறது! வேடிக்கையல்ல, வேதனை.

ஆகவே சகோதரிகளே, கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நின்றால், “சும்மாதான் இருக்கிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். ரவிக்கை தைத்துக் காசு வாங்கியதைச் சொல்லுங்கள். வேலை கிடைத்தால் போவேன் என்றால் அதையும் சொல்லுங்கள். சொன்னால்தானே கணக்கில் ஏறும்?