தணிகை எல்லையும் போர்விலக்குச் சட்டமும்

உலக சமாதானத்திற்காக ஜெபிப்பது நம் ஆராதனையில் நிலைபெற்ற வழக்கம். ஆயின், நாடுகள் போரைக் கைவிட வேண்டுமென்று மன்றாடும் நாம், போரைக் கைவிட்ட நாடு தன் வழக்கை எங்கே கொண்டு செல்லும் என்று கேட்பது அரிது. போரைச் சட்டத்தினால் விலக்குவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பலவும் இவ்வினாவிலேயே இடறியுள்ளன. இதனை விளங்கிக்கொள்ளத் தமிழகத்தின் வட எல்லையிலுள்ள திருத்தணியின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

தணிகை தரும் பாடம்

சூரனோடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலையாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது தலபுராண மரபு. கந்த சஷ்டியில் பிற முருகன் தலங்களில் நிகழும் சூரசம்ஹாரம் இங்கு நிகழ்வதில்லை. அத்தகைய ஊரைக் குறித்தே இருபதாம் நூற்றாண்டில் மொழிச் சினம் மூண்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, திருத்தணி அடங்கிய சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்க்கப்பட்டது. ம. பொ. சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகத்தினரும், மங்கலங்கிழார் முதலிய அப்பகுதித் தலைவர்களும் கிளர்ச்சி செய்தனர். பலர் சிறை சென்றனர்.

முடிவில் இரு மாநில அரசுகளும் எச். வி. படாஸ்கரின் மத்தியஸ்தத்திற்கு இணங்கின. கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், பெரும்பான்மையோரின் மொழி, நிலத்தொடர்ச்சி ஆகியவை அவர் கைக்கொண்ட நெறிகள். அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் பாராளுமன்றம் 1959இல் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருப்பதியையும் வேண்டி நின்ற தமிழர் அதனைப் பெறவில்லை. இரு சாராரும் இழந்தனர், இழந்ததோடு அமைந்தனர்.

இந்த அமைதி மக்களின் நற்குணத்தினால் மட்டும் விளைந்ததன்று. இரு தரப்பும் ஏற்ற ஒரு நடுவர் இருந்தார். முன்கூட்டியே கூறத்தக்க நெறிகள் இருந்தன. தீர்வைச் சட்டமாக்கும் அதிகாரம், அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி, பாராளுமன்றத்திடம் இருந்தது. மேலும், இரு மாநிலங்களுக்கும் சொந்தப் படை இல்லை. நாடுகளுக்கிடையே இவற்றுள் எவை உண்டு, எவை இல்லை என்று நோக்குவோம்.

பாரிஸ் உடன்படிக்கை

1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸ் நகரில் பதினைந்து அரசுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு அமைச்சர் பிரியான், அமெரிக்க அமைச்சர் கெல்லாக் ஆகியோரின் பெயரால் அது வழங்கும். போரைத் தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்வதைத் துறப்பதாகவும், பிணக்குகளைச் சமாதான வழியிலேயே தீர்ப்பதாகவும் அவை வாக்களித்தன. கையெழுத்திட்டோர் வரிசையில் இந்தியாவும் இருந்தது. ஆயினும் நமக்காகக் கையெழுத்திட்டவர் பிரித்தானிய அமைச்சர் குஷண்டன் பிரபு.

உடன்படிக்கை போரைத் துறந்ததேயன்றி, பிணக்கைத் தீர்க்கும் மன்றம் எதனையும் நிறுவவில்லை. மீறுவோர்க்குத் தண்டனையும் விதிக்கவில்லை. கையெழுத்திட்ட ஜப்பான் 1931இல் மஞ்சூரியாவினுள் புகுந்தது. கையெழுத்திட்ட இத்தாலி 1935இல் எத்தியோப்பியாவைத் தாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நூரம்பர்க் நீதிமன்றம் இவ்வுடன்படிக்கையைச் சான்றாகக் கொண்டு, ஆக்கிரமிப்புப் போர் குற்றமே எனத் தீர்த்தது. டோக்கியோ நீதிமன்றத்தில் அமர்ந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் 1948இல் இதனை மறுத்தார். தற்காப்பு எது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்ய இடந்தந்த உடன்படிக்கை, போரைக் குற்றமாக்கிவிடவில்லை என்பது அவர் வாதம். அவருடைய முடிவை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் சுட்டிய குறை மெய்யானது. தன் வழக்கில் தானே நீதிபதியாய் அமர்பவன் தன்னைக் குற்றவாளி எனத் தீர்ப்பதில்லை.

சாசனமும் நீதிமன்றமும்

1945இல் உருவான ஐக்கிய நாடுகள் சாசனம் இன்னும் தெளிவாகப் பேசிற்று. அதன் 2ஆம் விதி, போரை மட்டுமன்றி, பலத்தைப் பிரயோகிப்பதையும் அவ்வாறு அச்சுறுத்துவதையும் தடைசெய்கிறது. 51ஆம் விதி தற்காப்புக்கு இடமளிக்கிறது. 33ஆம் விதி பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்பு, நீதிமன்றத் தீர்ப்பு முதலிய வழிகளைக் காட்டுகிறது. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றமும் அமைந்தது. ஆனால் ஒரு நாட்டின் இசைவின்றி அதனை அந்நீதிமன்றத்தின் முன் நிறுத்த இயலாது. 2022 மார்ச் 16 அன்று உக்ரைனில் போர்ச்செயல்களை நிறுத்துமாறு அந்நீதிமன்றம் ரஷ்யாவுக்கு ஆணையிட்டது, போர் நிற்கவில்லை.

பிறரைச் சுட்டுவதோடு நாம் அமைதல் தகாது. சர்வதேசப் பிணக்குகளை நடுவர் தீர்ப்பினால் தீர்ப்பதை ஊக்குவிக்க அரசு முயல வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 51ஆம் பிரிவு. எனினும், காமன்வெல்த் நாடுகளோடுள்ள பிணக்குகளைச் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திற்கு நம் நாடு விலக்கி வைத்துள்ளது. 1999இல் தன் விமானம் வீழ்த்தப்பட்டது குறித்துப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கு, இவ்விலக்கின் காரணமாகவே 2000ஆம் ஆண்டில் விசாரணையின்றி முடிந்தது.

ஆயினும் நம் வரலாற்றில் நற்சான்றும் உண்டு. 1965இல் கட்ச் பகுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபின், எல்லைப் பிணக்கை மூவர் அடங்கிய நடுவர் மன்றத்திடம் விட இசைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெரும்போரே மூண்டது. எனினும் நடுவர் மன்ற ஏற்பாட்டை இரு நாடுகளும் முறிக்கவில்லை. 1968 பிப்ரவரி 19 அன்று வெளிவந்த தீர்ப்பு, பிணக்குற்ற நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்கு அளித்தது. நாட்டில் கண்டனம் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசோ தீர்ப்பை நிறைவேற்றியது. வங்காள விரிகுடாவின் எல்லை குறித்து 2014 ஜூலை 7 அன்று வங்கதேசத்திற்குப் பெரிதும் சாதகமாய் அமைந்த தீர்ப்பையும் இந்தியா ஏற்றது.

ஏசாயா காட்டும் வரிசை

பட்டயங்கள் மண்வெட்டிகளாக அடிக்கப்படும் என்னும் ஏசாயாவின் தரிசனத்தை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்திற்கு எதிரேயுள்ள சுவரிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. ஆயின் அங்குள்ளது இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்தின் பிற்பகுதி மட்டுமே. கர்த்தர் ஜாதிகளுக்கிடையே நியாயந்தீர்ப்பார் என்னும் முற்பகுதி அங்கு இல்லை. அம்முற்பகுதியில், நம் பழைய மொழிபெயர்ப்பு கடிந்துகொள்ளுதல் என்று தரும் எபிரெயச் சொல், வழக்கை விசாரித்து முடிவு கூறுதல் என்றும் பொருள்படும். யோபு ஒன்பதாம் அதிகாரத்தில், தனக்கும் தேவனுக்கும் நடுவே மத்தியஸ்தன் இல்லையே என்று புலம்புமிடத்தில் வருவதும் அதே வேரினின்று பிறந்த சொல்லே.

எனவே தீர்க்கதரிசி காட்டும் வரிசை தெளிவானது: முதலில் உபதேசம், அடுத்து நியாயத்தீர்ப்பு, அதன்பின்னரே ஆயுதக் களைவு. நியாயம் கிடைக்குமென்ற நம்பிக்கை இல்லாதவனிடம் பட்டயத்தைக் கேட்பது, அவனை அநியாயத்திற்கு ஒப்புக்கொடுப்பதாகும். சுவரில் பொறித்தது வாக்குத்தத்தத்தின் பாதி. பாரிஸில் கையெழுத்தானதும் அப்பாதியே.

இதனால் போதகர்க்கு ஒரு கடமை எழுகிறது. தன் நாட்டுக்கு எதிராக வந்த நேர்மையான தீர்ப்பை ஏற்கும் அரசு கோழையென்று இகழப்படும். அடுத்த தேர்தலில் தோற்கவும் கூடும். அத்தகைய வேளையில் நிலத்தை இழந்தாலும் நியாயத்தை இழக்கவில்லை என்று சபையாருக்கு எடுத்துரைக்கப் போதகர் துணிய வேண்டும். திருத்தணியைப் பெற்றதைக் கொண்டாடுவது எளிது. சத்தியவேட்டைக் கொடுத்ததும் அதே நியாயத்தின் பகுதி என்று போதிப்பதே நம் பணி.