சுற்றியது; சார்ஜ் ஆகவில்லை

ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் பாடம் முடிந்ததும், சிறிய காற்றாலை ஒன்று செய்து பேட்டரியைச் சார்ஜ் செய்து காட்டலாம் என்று மாணவர்கள் கேட்டார்கள். ஆரல்வாய்மொழியில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சீறி வரும் ஊர் இது. வகுப்பறைச் சன்னலைத் திறந்தாலே காற்றாலைகள் தெரியும்.

பழைய பொருட்கள் கடையில் நிலைக்காந்தம் உள்ள டி.சி. மோட்டார் ஒன்று கிடைத்தது. அதன் சீட்டில் 24 வோல்ட், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றிருந்தது. அச்சில் பி.வி.சி. குழாயில் வெட்டிய இறக்கைகளைப் பொருத்தி, இரு கம்பிகளையும் 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தோம். இறக்கை நன்றாகச் சுற்றியது. மறுநாள் பார்த்தால் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. கம்பிகளைப் பற்றவைத்த மாணவனிடம், “சரியாகப் பற்றவைத்தாயா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

விடை அவனிடமிருந்தே வந்தது. “சார், காத்து நின்ன பிறகும் அது சுத்திக்கிட்டே இருந்துச்சு.”

அதுதான் முதல் தடயம். மின்னியற்றியின் மின்னழுத்தம் பேட்டரியைவிடக் குறைவாக இருந்தால் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாயும். மின்னியற்றி மோட்டாராகிவிடும். எங்கள் காற்றாலை பேட்டரியில் ஓடும் மின்விசிறியாக இருந்திருக்கிறது! மின்னியற்றியின் நேர்முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே ஒரு டையோடை இணைத்ததும் இது நின்றது. இறங்கிப் போன பேட்டரியை உடனே வேறு சார்ஜரில் ஏற்றினோம். ஈய-அமில பேட்டரியைக் காலியாகவே விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும்.

ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டியது. “மின்னியற்றி சரியாகத்தானே இருக்கிறது” என்று நானும் ஏமாந்தேன். மீட்டர் காட்டியது பேட்டரியின் அழுத்தத்தை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்னியற்றியின் முனைகளில் மட்டும் அளந்தபோது 5 வோல்ட்தான் இருந்தது.

பிறகு கணக்கு. 3,000 சுற்றுக்கு 24 வோல்ட் என்றால், ஒரு வோல்ட்டுக்கு 125 சுற்று. 5 வோல்ட் என்றால் இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 625 முறை சுற்றுகிறது. 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஏறத்தாழ 14 வோல்ட் வேண்டும். டையோடில் 0.7 வோல்ட் போகும். ஆக 14.7 வோல்ட், அதற்கு 1,840 சுற்றுகளுக்குக் குறையாத வேகம் வேண்டும். நேர்விகிதப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

“பெரிய காற்றாலை இதைவிட மெதுவாகத்தானே சுற்றுகிறது?” என்று கேட்டேன். காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்பவரின் மகள் எழுந்து, “உள்ளே கியர்பாக்ஸ் இருக்கும் சார்” என்றாள். முப்பந்தலில் உள்ள பல காற்றாலைகளில் இறக்கைகள் நிமிடத்துக்குச் சில பத்து முறைகளே சுற்றும். பற்சக்கரப் பெட்டிதான் அதை மின்னியற்றிக்குத் தேவையான ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகளாக உயர்த்தும்.

நாங்களும் கப்பியும் பெல்ட்டும் வைத்தோம். மூன்று மடங்கு வேகம் கேட்டபோது சுமை கூடி இறக்கை தடுமாறியது. எனவே வேகத்தை இரு மடங்காக்கி, 6 வோல்ட் பேட்டரிக்கு மாறினோம். அதற்கு 7.7 வோல்ட் போதும். எங்களிடம் சுமை இல்லாதபோது 10 வோல்ட் வந்தது. அம்மீட்டர் முள் முதன்முறையாகச் சரியான பக்கம் நகர்ந்தது.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்: பேட்டரி நல்ல நிலையில் உள்ளதா? இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா? டையோடின் திசை சரியா? தனியே அளந்தால் மின்னியற்றி எத்தனை வோல்ட் தருகிறது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரியின் அருகே ஒரு ஃபியூஸ் அவசியம். காற்று வலுத்தால் மின்னழுத்தம் மிகுந்துவிடும். ஆளில்லாமல் விட வேண்டாம். மாணவர்களை மாடி விளிம்புக்கு அனுப்பவும் வேண்டாம்.

பற்றவைத்த மாணவனிடம் வகுப்பின் முன்னேயே வருத்தம் தெரிவித்தேன். அவன் வைத்த பற்றுகள் இன்றுவரை விடவில்லை.